"மூட்டுக்கு நல்லது" என்று போட்ட நாய் உணவு: பாக்கெட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

#1 வாலாட்டி

லாப்ரடார், ஆண், கருத்தடை ஆனது, 8 வயது, 36 கிலோ. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம் தெரிகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மருந்து போய்க்கொண்டிருக்கிறது. இப்போது சாதாரண உலர் உணவு, நாளுக்கு 400 கிராம். அதை மாற்றலாம் என்று மூன்று பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

அ: குளுக்கோசமைன் கிலோவுக்குக் குறைந்தது 400 மி.கி., காண்ட்ராய்டின் 300 மி.கி. (இரண்டும் குருத்தெலும்பில் இருக்கும் பொருள்கள்), ஒமேகா-3 0.6%. 100 கிராமுக்கு 350 கிலோகலோரி.

ஆ: "பச்சை உதட்டுச் சிப்பி, மஞ்சள், கொலாஜன் செறிந்தது." எதற்கும் அளவு இல்லை. கலோரியும் போடவில்லை.

இ: டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மூட்டு உணவு. இபிஏ, டிஹெச்ஏ (மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 வகைகள்) இரண்டும் சேர்ந்து 1%. 100 கிராமுக்கு 380 கிலோகலோரி.

மூன்றிலும் வெவ்வேறு விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். எதை வைத்து எதோடு ஒப்பிடுவது?

#2 எடைக்கல்

முதலில் அ. கிலோவுக்கு 400 மி.கி. என்பது படிக்கும்போது பெரிதாகத்தான் தெரியும். ஆனால் நாய் ஒரு கிலோ சாப்பிடுவதில்லையே. 400 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 160 மி.கி. இந்த எடை நாய்க்கு மாத்திரையாகக் கொடுக்கும்போது நாளுக்கு 1000 மி.கி.யோ அதற்கு மேலோ கொடுப்பது வழக்கம். அந்த 1000 இந்த உணவிலிருந்தே வரவேண்டும் என்றால் தினமும் இரண்டரைக் கிலோ போட வேண்டும். மூட்டுக்கு வாங்கின உணவு மூட்டை உடைத்துவிடும்.

ஆகவே குளுக்கோசமைனை நம்புகிறவருக்கும் இந்தப் பாக்கெட்டால் பயன் இல்லை. நம்பாதவருக்குக் கேள்வியே இல்லை.

மூட்டு என்று வந்தால் பாக்கெட்டில் பார்க்க வேண்டிய எண் இரண்டுதான்: 100 கிராமுக்கு எத்தனை கலோரி (பாக்கெட்டில் கிலோகலோரி என்று இருப்பதுதான்), இபிஏ + டிஹெச்ஏ எத்தனை மில்லிகிராம். முதல் எண் முதலில்.

#3 நீலக்கிண்ணம்

குளுக்கோசமைனை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். 2007-ல் வந்த சோதனையில் குளுக்கோசமைன்-காண்ட்ராய்டின் கொடுத்த நாய்களுக்கு 70-ஆம் நாளில் வலி குறைந்து, எடை தாங்குவதும் மேம்பட்டது என்று டாக்டர்களே மதிப்பிட்டார்கள். கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்து கொடுத்த நாய்களோடு ஒப்பிட்டுச் செய்த சோதனை அது.

#4 எலும்புக்கூடு

அந்தச் சோதனையில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்த கூட்டம் கிடையாது. மூட்டுத் தேய்மான வலி தானாகவே ஏறி இறங்கும். மோசமாக இருக்கும் நாளில்தான் நாயைச் சோதனைக்குக் கூட்டி வருவார்கள், பத்து வாரத்தில் எதுவும் கொடுக்காமலே கொஞ்சம் தேறியிருக்கும். வெறும் மாத்திரைக் கூட்டம் இல்லாவிட்டால் அந்த முன்னேற்றமும் மருந்தின் கணக்கில்தான் சேரும்.

2022-ல் நாய், பூனை இரண்டுக்குமான மூட்டு உணவு, சப்ளிமென்ட் ஆய்வுகளைச் சேர்த்து அலசிய தொகுப்பாய்வு ஒன்று வந்தது. ஒமேகா-3 செறிந்த உணவுக்கும் ஒமேகா-3 சப்ளிமென்டுக்கும் வலி குறைவதற்கான ஆதாரம் தெளிவாக இருந்தது. கொலாஜனுக்குப் பலவீனமாக. காண்ட்ராய்டின்-குளுக்கோசமைனுக்குப் பலன் இல்லை, வலிக்காக இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டார்கள்.

கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை, சில நாய்களுக்கு மலம் இளகும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: மனிதர்களுக்கான மூட்டு மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். மென்று தின்னும் வகையிலும் சிரப் வகையிலும் இனிப்புக்கு சைலிட்டால் இருக்கலாம். நாய்க்கு அது சர்க்கரையைச் சடாரென்று கீழே இறக்கும், ஈரலையும் கெடுக்கும். வைட்டமின் டி சேர்த்த மாத்திரைகளும் ஆபத்துதான்.

#5 எடைக்கல்

இனி கலோரி. வாலாட்டி, உங்கள் நாய்க்கு விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிகிறதா?

#6 வாலாட்டி

அழுத்தினால்தான் விலா தெரிகிறது. இடுப்பு ஏறத்தாழ நேர்கோடு. டாக்டர் 9-க்கு 7 என்று குறித்திருக்கிறார்.

#7 எடைக்கல்

9 படி அளவில் 4, 5 சரியான உடம்பு. 5-க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் சுமார் 10% கூடுதல் எடை. 7 என்றால் 20%. 36-ஐ 1.2-ஆல் வகுத்தால் 30. ஆக நாயின் எடை 30 கிலோ, மீதி 6 கிலோ அது தூக்கிக்கொண்டு நடக்கும் சுமை.

இனிமேல் எல்லாக் கணக்கும் 30-ஐ வைத்துத்தான், 36-ஐ வைத்து அல்ல. பலர் சறுக்குவது இந்த இடத்தில்.

ஓய்வுநிலை ஆற்றல் (சும்மா கிடக்கும்போதே உடம்பு ஒரு நாளில் செலவிடும் கலோரி) = 70 × எடையின் 0.75 அடுக்கு. 0.75 அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம், போனில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் போதும். எடையை மூன்று முறை பெருக்குங்கள், வந்ததற்கு இரண்டு முறை வர்க்கமூலம் அழுத்துங்கள். 30 × 30 × 30 = 27000. ஒரு முறை வர்க்கமூலம் 164.3. இன்னொரு முறை 12.82. இந்த 12.82-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கணக்குக்கும் இதே எண்தான்.

70 × 12.82 = 897. எடை குறைக்கத் தொடங்கும் அளவு நாளுக்கு 900 கலோரி என்று வையுங்கள். இப்போது போவது 400 கிராம், 350 கணக்கில் 1400. அதாவது குளுக்கோசமைன் இருக்கிறதா இல்லையா என்று தேடிக்கொண்டிருக்கும் தட்டில் 500 கலோரி கூடுதலாகக் கிடக்கிறது.

எடைக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்புக்கு நல்ல சான்று பியூரினா நடத்திய ஆயுட்கால ஆய்வு. 48 லாப்ரடார், ஒரே ஈற்றில் பிறந்தவையாக இரண்டிரண்டு சோடி. ஒன்றுக்கு மற்றதைவிட 25% குறைவான உணவு. 2002-ல் வெளியான முடிவில் குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் மெலிந்தவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

#8 எலும்புக்கூடு

30 கிலோ வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பருத்த நாய்களில் 6% எடை இறங்கியதுமே நொண்டல் குறைவது அளவீட்டில் தெரிந்திருக்கிறது. 36 கிலோவுக்கு அது 2.2 கிலோ.

வேகம் வாரத்துக்கு 1 முதல் 2%, உங்களுக்கு 360 முதல் 720 கிராம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே தராசில், காலை வெறும் வயிற்றில் எடை போடுங்கள். வாரக் கணக்கில் 2%-க்கு மேல் இறங்கினால் உணவை 10% கூட்டுங்கள். 1%-க்குக் கீழே நின்றுவிட்டால் 10% குறையுங்கள். 900 என்பது தொடக்கப் புள்ளிதான், கல்லில் செதுக்கியது அல்ல.

இன்னொரு எச்சரிக்கை. சாதாரண உணவையே பாதியாக வெட்டினால் கலோரியோடு சேர்ந்து புரதமும் தாது உப்பும் பாதியாகும். கொழுப்போடு தசையும் கரையும். தேய்ந்த இடுப்பைத் தாங்கிப் பிடிப்பதே தொடைத் தசைதான். அதனால் கலோரி குறைந்து புரதமும் நாரும் கூடிய எடைக்குறைப்பு உணவாக இருப்பது நல்லது. அவற்றில் 100 கிராமுக்கு 300 கலோரி அளவில் கிடைக்கும், தட்டும் காலியாகத் தெரியாது.

#9 மோப்பக்காரர்

ஆ பாக்கெட்டில் கலோரி இல்லை என்றால் நாமே போட்டுப் பார்க்கலாம். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (தாது உப்புகளின் அளவு), ஈரம் ஐந்தையும் கூட்டி 100-இல் கழித்தால் மாவுச்சத்து. உதாரணத்துக்குப் புரதம் 26, கொழுப்பு 14, நார் 4, சாம்பல் 7, ஈரம் 10. கூட்டினால் 61, மாவுச்சத்து 39. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்குங்கள். 91 + 119 + 136.5 = 346.5. இது 100 கிராமுக்கு. சாம்பல் போடாவிட்டால் 7 என்று வைத்துக்கொள்ளலாம், பெரிய தப்பு வராது.

ஆ-வில் இருக்கும் "செறிந்தது" பற்றி: உலர் உணவை அழுத்திப் பொரிய வைக்கும் இயந்திரத்துக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டும். கொலாஜனில் நாய்களுக்குச் சோதித்த முக்கியமான வகை, இயல்பு மாறாத இரண்டாம் வகைக் கொலாஜன், நாளுக்கு 40 மி.கி. கொடுப்பது. அதன் வேலையே உருக்குலையாத வடிவத்தில் குடலுக்குப் போய்ச் சேர்வதில்தான் இருக்கிறது. சூடு பட்டால் வெறும் ஜெலட்டின். பச்சை உதட்டுச் சிப்பியும் அப்படியே, உறைய வைத்து உலர்த்திய பொடியில் கொழுப்பு நிற்கும், சூட்டில் நிற்காது. பொரிந்த பிறகு மேலே தூவியதா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். "எங்கள் சிறப்பு முறை" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பொருள்களை மூலப்பொருள் பட்டியலில் உப்புக்கு அடுத்து எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூலப்பொருள்கள் எடை வரிசையில் வரும், உலர் உணவில் உப்பு பெரும்பாலும் 1%-ஐத் தாண்டாது. அதற்குப் பின்னால் நிற்கும் எதுவும் உப்பை விடக் குறைவு.

#10 வாலாட்டி

ஆ கழிந்தது. அ-வில் ஒமேகா-3 0.6% இருக்கிறதே, அதோடு எடை குறைத்தால் போதாதா?

#11 எடைக்கல்

ஒமேகா-3 என்ற பெயரில் மூன்று சரக்கு வரும். ஆளிவிதையிலிருந்து வருவது ஏஎல்ஏ. மீனிலிருந்தும் பாசியிலிருந்தும் வருவது இபிஏ, டிஹெச்ஏ. மூட்டு அழற்சியில் வேலை பார்ப்பது பின்னவை. ஏஎல்ஏ-வை இபிஏ ஆக்கும் திறன் நாய்க்கு மிகக் குறைவு. பாக்கெட்டில் மொத்த ஒமேகா-3 மட்டும் போட்டு, மூலப்பொருளில் ஆளிவிதை முன்னாலும் மீன் எண்ணெய் பின்னாலும் இருந்தால், அந்த 0.6-இல் பெரும்பகுதி ஏஎல்ஏ என்றுதான் கொள்ள வேண்டும். அதில் இபிஏ + டிஹெச்ஏ 0.2% என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

மூட்டுத் தேய்மானத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு, எடையின் 0.75 அடுக்குக்கு 310 மி.கி. இபிஏ + டிஹெச்ஏ. 310 × 12.82 = 3974. அதாவது நாளுக்கு 4 கிராம். அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2006-ல் வகுத்த பாதுகாப்பான மேல் எல்லை 370, அது 4743 மி.கி. இடைவெளி அதிகம் இல்லை, கண்ணளவில் ஊற்றும் சங்கதி அல்ல.

அ: 900 கலோரிக்கு 257 கிராம். 0.2% என்றால் 514 மி.கி. தேவையில் எட்டில் ஒரு பங்கு.

இ: 900 கலோரிக்கு 237 கிராம். 1% என்றால் 2370 மி.கி. பாதிக்கு மேல் உணவிலேயே வந்துவிட்டது.

ஒப்பீடு இப்படித்தான் இருக்க வேண்டும்: உங்கள் நாய் உண்ணப்போகும் கிராமில் எத்தனை மில்லிகிராம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் கலோரி அடர்ந்த உணவு ஏமாற்றிவிடும், ஏனென்றால் அதைக் குறைவாகத்தான் போடுவீர்கள்.

#12 நீலக்கிண்ணம்

அப்படியென்றால் அ-வையே கொடுத்து மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் சேர்த்தால் தீர்ந்தது. இ எதற்கு?

#13 எடைக்கல்

சாதாரண 1000 மி.கி. கேப்ஸ்யூலில் இபிஏ 180, டிஹெச்ஏ 120, மொத்தம் 300. முகப்பில் இருக்கும் 1000 எண்ணெயின் எடை. பற்றாக்குறை சுமார் 3450 மி.கி., அதற்குப் 11, 12 கேப்ஸ்யூல். கிராமுக்கு 9 கலோரி வீதம் நூறு கலோரிக்கு மேல். 900-இல் ஒன்பதில் ஒரு பங்கு எண்ணெயாகவே போகும். வயிறும் ஒத்துக்கொள்ளாது.

செறிவூட்டிய எண்ணெய் என்றால் வேறு கதை. 60% செறிவில் ஒரு மில்லி சுமார் 0.92 கிராம், அதில் 550 மி.கி. அ-வோடு 6 மில்லி வேண்டும், 50 கலோரி. இ-யோடு 3 மில்லி போதும், 25 கலோரி. இந்தக் கலோரியை உணவிலிருந்து கழிக்க வேண்டும். இ-யில் 875-ஐ 3.8-ஆல் வகுத்தால் 230 கிராம். உணவில் 2300, எண்ணெயில் 1650, மொத்தம் 3950.

#14 எலும்புக்கூடு

எண்ணெயைப் பற்றி விட்டுப்போனவை.

காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு, மீன் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி அதிகம். இந்த அளவுக்கு அதை ஊற்றினால் நஞ்சாகும்.

முதல் நாளே முழு அளவு வேண்டாம். கால் பங்கில் தொடங்கி வாரம் கால் பங்காக ஏற்றினால் நான்கு வாரத்தில் முழு அளவு. மலம் இளகினால் முந்தைய படியில் ஒரு வாரம் நிறுத்துங்கள். கணைய அழற்சி முன்பு வந்த நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் எண்ணெயே வேண்டாம்.

அதிக அளவு ஒமேகா-3 ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலி மருந்தை நீங்களாகக் குறைக்கவும் கூடாது. 2010-ல் வந்த 12 வாரச் சோதனையில் ஒமேகா-3 செறிந்த உணவு தின்ற நாய்களுக்குக் கார்ப்ரோஃபென் அளவை வேகமாகக் குறைக்க முடிந்தது உண்மை. குறைத்தது டாக்டர்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து.

#15 மோப்பக்காரர்

பாட்டிலைத் திறந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். வைட்டமின் ஈ சேர்த்ததாக வாங்குங்கள். மீன் வாடை இருப்பது சரி. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி நெடி அடித்தால் காறிப்போய்விட்டது, கொட்டிவிடுங்கள். உலர் உணவிலும் இதே பிரச்சினைதான். ஒமேகா-3 கூடக் கூடச் சீக்கிரம் காறும். பெரிய மூட்டையாக வாங்கி மூன்று மாதம் ஓட்டினால், கடைசி மாதம் கொடுப்பது பாக்கெட்டில் எழுதிய உணவு அல்ல. திறந்து ஆறு வாரத்துக்குள் தீரும் அளவு வாங்குங்கள். டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவின் சுவரில் படியும் பழைய எண்ணெய் புதுச் சரக்கையும் கெடுக்கும்.

#16 குட்டிக்கால்

இடையில் ஒரு கேள்வி. 4 மாத கிரேட் டேன் குட்டி. பின்னால் மூட்டுப் பிரச்சினை வராமலிருக்க இப்போதே மூட்டு உணவும் கால்சியமும் கொடுக்கலாமா?

#17 எலும்புக்கூடு

கால்சியம் தனியாக ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழான குட்டியின் குடலுக்கு அதிகக் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, வந்ததெல்லாம் உள்ளே போகும். பெரிய இனத்தில் அதனால் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் மூட்டுக்குள் பிளவு விழும், கால் வளையும். மூட்டைக் காப்பாற்றக் கொடுத்ததே மூட்டைக் கெடுக்கும்.

பெரிய இனக் குட்டிக்கென்று போட்ட உணவை வாங்குங்கள். உலர்நிலையில் கால்சியம் 1.2%-க்குக் குறையாமலும் 1.8%-க்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும். பாக்கெட்டில் போடுவது ஈரத்தோடு சேர்ந்த எண். 1.5%, ஈரம் 10% என்றால் 1.5-ஐ 0.9-ஆல் வகுங்கள், 1.67, சரி. டப்பா உணவில் 0.35%, ஈரம் 78% என்றால் 0.35-ஐ 0.22-ஆல் வகுங்கள், 1.59, அதுவும் சரி. மூத்த நாய்க்கான மூட்டு உணவு குட்டிக்கு ஏற்றதல்ல. குட்டியை ஒல்லியாக, மெதுவாக வளர விடுங்கள்.

#18 வாலாட்டி

இதுவரை தெளிவானதை எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

நாளையிலிருந்து இ 230 கிராம், எண்ணெய் 3 மில்லி, பழைய உணவு நிறுத்தம். உணவை அளக்கும் கோப்பையைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். 400 என்று நினைத்தது 470 கிராம் இருக்கிறது.

#19 எடைக்கல்

470 என்றால் 1645 கலோரி. 36 கிலோ எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. கோப்பையைத் தூக்கிப் போடுங்கள், தினமும் தராசுதான்.

இ-யில் கலோரி அடர்த்தி அதிகம். 230 கிராம் தட்டில் சோளப்பொரி மாதிரி ஓரமாகக் கிடக்கும், உங்கள் நாய் தட்டை நக்கிவிட்டு உங்களைப் பார்க்கும். முதல் சில மாதம் எடைக்குறைப்பு உணவு, 30 கிலோ வந்த பிறகு இ. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. எடைக்குறைப்பு உணவு 300 கலோரி என்றால் 850-க்கு 283 கிராம், எண்ணெய் 6 மில்லி. எடையும் மூட்டும் இரண்டுக்கும் சேர்த்துச் செய்த உணவும் உண்டு, டாக்டரைக் கேளுங்கள்.

#20 எலும்புக்கூடு

வரிசையை மாற்றுங்கள். உணவையும் எண்ணெயையும் ஒரே நாளில் தொடங்கினால், வயிற்றுப்போக்கு வந்தால் எதனால் என்று தெரியாது.

முதல் பத்து நாள் உணவு மட்டும்: மூன்று நாள் கால் பங்கு புதியது, மூன்று நாள் பாதி, மூன்று நாள் முக்கால், பிறகு முழுவதும். மலம் இறுகி நின்ற பிறகு எண்ணெய்.

தொடங்கும் முன் இன்றே ஒரு வீடியோ எடுங்கள். வழுக்காத தரையில், பக்கவாட்டிலிருந்து, போன் நாயின் முழங்கால் உயரத்தில், நேராகப் பத்து மீட்டர் நடக்க விட்டு. காலையில் படுக்கையிலிருந்து எழ எத்தனை வினாடி என்றும் குறியுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே இடம், அதே நேரம். எண்ணெயின் பலனை முழு அளவு தொட்டு எட்டுப் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் மதிப்பிட முடியும். காசு கொடுத்து வாங்கியதால் நாய் நன்றாக நடக்கிற மாதிரியே நமக்குத் தெரியும், டாக்டர்களுக்கும் தெரியும். வீடியோவுக்கு அந்த ஆசை கிடையாது.

இடையில் ஒரு பின்னங்காலை மட்டும் திடீரென்று தூக்கி நடந்தாலோ, உட்காரும்போது ஒரு காலை வெளியே நீட்டி உட்கார்ந்தாலோ அது முழங்கால் தசைநார் கிழிசலாக இருக்கலாம். உணவு மாற்றம் வேலை செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

#21 வாலாட்டி

சரி, எடைக்குறைப்பு உணவு, பிறகு எண்ணெய். வீடியோ எடுத்தாயிற்று, எழ 9 வினாடி.

கடைசியாக ஒன்று. வலி மாத்திரையைச் சீஸ் துண்டுக்குள் வைத்துத்தான் கொடுக்கிறேன், ஒரு வேளைக்கு ஒரு துண்டு, 20 கிராம் இருக்கும். அதுவும் இந்த 900-க்குள் வருமா?

#22 எடைக்கல்

வரும். 20 கிராம் சீஸ் 60 முதல் 80 கலோரி, உங்கள் 6 மில்லி எண்ணெயை விட அதிகம். இரண்டு வேளை என்றால் 150-ஐ நெருங்கும். அன்றைய பங்கிலிருந்து உலர் உணவுத் துண்டுகள் பத்தை எடுத்து ஒரு கரண்டி வெந்நீரில் கால் மணி நேரம் ஊற விடுங்கள், பிசைந்தால் மாவு மாதிரி வரும். மாத்திரையை நடுவில் வைத்து உருட்டுங்கள். முதலில் மாத்திரை இல்லாத உருண்டை ஒன்று, அடுத்தது மாத்திரை உள்ளது, பின்னாலேயே இன்னொரு வெறும் உருண்டை. மூன்றாவது கையில் இருப்பது தெரிந்தால் இரண்டாவதை மெல்லாமலே விழுங்கிவிடும்.